சுவிட்சு நம்ம சுவரில். சாவி யார் கையில்?

(‘புத்திசாலி வீடு குடும்பத்துக்குப் பலமா, பாரமா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘பாரமே’ என்ற அணியில் பேசியது.)

     

எனக்கு முன்னால் பேசிய தம்பி ரொம்ப அழகாகப் பேசினார். “கட்டிலில் படுத்தபடியே ‘விளக்கை அணை’ன்னு சொன்னா விளக்கு அணையுது, ‘ஃபேனைக் குறை’ன்னா ஃபேன் குறையுது, இதைவிடச் சொர்க்கம் உண்டா?” என்று கேட்டார். தம்பி, இதிலே என்ன புதுமை? எங்க வீட்ல முப்பது வருஷமா இதுதான் நடக்குது. கட்டில்ல படுத்தபடியே, “ஏங்க, லைட்டை அணைங்க”ன்னு ஒரு குரல் வரும். உடனே அணையும். அந்தக் கருவி நான்தான்! (சிரிப்பு, கைதட்டல்) ஒரே ஒரு வித்தியாசம். எனக்கு இன்டர்நெட் தேவையில்லை. (சிரிப்பு)

நடுவர்: சார்ஜ் ஏத்தணுமா பேராசிரியரே?

ராத்திரி மூணு தோசை ஏத்தினாப் போதும் ஐயா, மறுநாள் சாயங்காலம் வரைக்கும் தாங்கும். (சிரிப்பு)

நடுவர் அவர்களே, முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் இயந்திரத்துக்கு எதிரி இல்லை. எங்கம்மா ஆட்டுக்கல்லுல மாவாட்டி, அம்மியில அரைச்சு, உள்ளங்கை காய்ச்சுப் போனதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கிரைண்டர் எங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கு அதுக்குப் பொட்டு வச்சுக் கற்பூரம் காட்டினோம். எதிரணியில ஒரு சகோதரி, “எந்தக் கருவிதான் ரிப்பேர் ஆகலை? மிக்சி ரிப்பேர் ஆகலையா?” என்று கேட்டார்கள். ஆகும். ஆனா மிக்சி ரிப்பேர் ஆனா தெருமுனையில ஒரு கடைக்காரர் இருக்கார். கழட்டிப் பார்த்து, “கார்பன் போயிருச்சு சார்”ம்பார். மாட்டிக் குடுத்துருவார்.

நான் சொல்ற வியாதி வேற. பல்பு நல்லா இருக்கு. கரண்டு இருக்கு. வயர் நல்லா இருக்கு. எதுவுமே ரிப்பேர் இல்லை. ஆனா விளக்கு எரியாது! ஏன்? அது எப்படி வேலை செய்யுதுங்கறதைக் கொஞ்சம் பார்க்கணும்.

ஹால்ல உட்கார்ந்து “லைட் ஆன்”னு சொல்றீங்க. பேச்சுப்பெட்டி அந்தக் குரலைக் கேக்குது. பெரும்பாலான பெட்டிகளுக்கு நீங்க சொன்னது என்னன்னு தானாப் புரியாது. அது என்ன செய்யுது? உங்க குரலை வைஃபை பெட்டிக்கு அனுப்புது. அது தெருவில இருக்கிற கேபிள் வழியா எங்கேயோ ஒரு ஊர்ல இருக்கிற ஒரு கட்டடத்துக்குப் போகுது. அங்கே ஒரு கம்ப்யூட்டர், “ஓகோ, இந்த மனுஷன் விளக்குப் போடச் சொல்றான்”னு புரிஞ்சுக்கிட்டு, பல்பு கம்பெனியோட கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்லுது. அந்தக் கம்ப்யூட்டர் உத்தரவு போட்டு, அது திரும்பி உங்க தெருவுக்கு வந்து, உங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சு, உங்க தலைக்கு மேல ஆறடி உயரத்துல இருக்கிற பல்பைப் போய்ச் சேருது. மதுரையில மாடியில இருக்கிற மனைவிகிட்ட ஒரு காபி கேக்கறதுக்கு, கீழ் வீட்ல இருந்து சென்னைக்குத் தந்தி அடிச்சு, சென்னைக்காரர் மாடிக்குத் தந்தி அடிக்கிற மாதிரி! (சிரிப்பு)

நல்லா இருக்கிறவரைக்கும் இது ஒரு விநாடியில நடந்துடுது. அதனாலதான் நமக்குத் தெரியறதில்லை. அந்த வழியில எங்கே ஒரு கண்ணி விட்டுப் போனாலும் சரி, ஆறடி உயரம் ஆறாயிரம் மைல் ஆயிடும்.

இதுக்கு அவங்க வச்ச பேரு இருக்கே, ‘கிளவுட்’. மேகம்! நான் தமிழ் வாத்தியார், இந்தப் பேரைக் கேட்டதும் எனக்கு வயிறு எரியுது. மேகத்துக்குத் தமிழ்ல எத்தனை பேர்! முகில், கொண்டல், கார், எழிலி, மஞ்சு… கைம்மாறு எதிர்பார்க்காமக் குடுக்கிற வள்ளலுக்கு நம்ம புலவர்கள் உவமை சொன்னது மேகத்தை. எந்த மேகமாவது “பாஸ்வேர்டு தப்பு, மறுபடி முயற்சி செய்யவும்”னு சொல்லிட்டு மழையை நிறுத்தியிருக்கா? (கைதட்டல்) இந்த மேகம் வானத்துல இல்லைங்க. வரிசை வரிசையா கம்ப்யூட்டர் அடுக்கின கட்டடம். அதுக்கு ஏசி உண்டு, கரண்டு பில் உண்டு, முதலாளி உண்டு, கணக்குப்பிள்ளை உண்டு. கணக்குப்பிள்ளை “இது கட்டுப்படியாகலை”ன்னு ஒரு வார்த்தை சொன்னா மழை நின்னு போகும்.

நடந்ததைச் சொல்றேன். 2025 அக்டோபர் 20. நமக்கு அன்னைக்குத் தீபாவளி. காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, பலகாரம் தின்னு, மத்தியானம் நாம அசந்து கிடந்த நேரம். அமெரிக்காவில அது நடுராத்திரி. வர்ஜீனியா மாநிலத்தில இருக்கிற அமேசான் நிறுவனத்தோட கம்ப்யூட்டர் மையங்கள்ல ஒரு கோளாறு. பேரைச் சொன்னா முகவரியைக் காட்டற அட்டவணை ஒண்ணு இருக்கு, அதுல ஒரு பதிவு காலி. அவ்வளவுதான். அதை நம்பியிருந்த கம்பெனிகள் உலகம் பூரா தடுமாறிப் போச்சு. வாசல் கேமரா தெரியலை, பேச்சுப்பெட்டி பேசலை. அது போகட்டும். படுக்கை கெட்டுப் போச்சு ஐயா, படுக்கை!

நடுவர்: படுக்கையா? அதுல என்ன கெடுறதுக்கு இருக்கு?

இருக்குங்க. 2000 டாலருக்கு மேல விலை. ‘எய்ட் ஸ்லீப்’னு ஒரு கம்பெனி. மெத்தைக்குள்ள குழாய் வச்சுத் தண்ணியை ஓட்டி, சூடு குளிர்ச்சியை ஏத்தி இறக்கிக் குடுக்கும். தலைப்பக்கம் தூக்கும், கால்பக்கம் தூக்கும். எல்லாம் செல்போன்ல. அந்த ராத்திரி என்ன ஆச்சு? செல்போன்ல அமுக்கினா அது முதல்ல அந்தக் கட்டடத்தைக் கேக்கணும். கட்டடம் பதில் சொல்லலை. சூட்டுல மாட்டினவங்களுக்குச் சூடு குறையலை. தலைப்பக்கம் தூக்கி வச்சிருந்தவங்களுக்குப் படுக்கை இறங்கலை. ராத்திரி பூரா சாய்வு நாற்காலியில உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாங்க. (சிரிப்பு) எங்க ஊர்க் கயித்துக் கட்டிலும் தொய்ஞ்சு போகும், ஒத்துக்கறேன். ஆனா புரண்டு படுக்க வர்ஜீனியாகிட்ட அனுமதி கேக்காது! (பலத்த கைதட்டல்)

சிரிச்சுட்டோம். இதுக்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். கொஞ்ச நாள்ல, இணையம் இல்லாட்டியும் செல்போனும் படுக்கையும் புளூடூத் வழியா நேரடியாப் பேசிக்கிற ஒரு வழியைச் செஞ்சு குடுத்தாங்க. நல்லது. நான் என்ன கேக்கறேன்னா, படுக்கையும் செல்போனும் ஒரே அறையில, ஒரே போர்வைக்குள்ள கிடக்கு! இது ரெண்டும் நேராப் பேசிக்க முடியும்னா, முதல் நாளே ஏன் பேச வைக்கலை? முடியாதுன்னு இல்லை, வேண்டாம்னு வச்சிருந்தாங்க. எல்லாத்தையும் தங்கள் கட்டடம் வழியா விட்டா அவங்களுக்கு வசதி. வெளியூர்ல இருந்தும் நீங்க இயக்கலாம், அது உண்மையான லாபம், மறுக்கலை. ஆனா மாசச் சந்தா வாங்கலாம். எத்தனை மணிக்குத் தூங்கினீங்க, எத்தனை மணிக்கு எழுந்தீங்கன்னு கணக்கு வச்சுக்கலாம். அது யாருக்கு லாபம்?

சின்ன வயசுல அலாவுதீன் கதை கேட்டிருப்பீங்க. அந்தக் கதையில மந்திரவாதி திருட வரலைங்க. தெருவில கூவிக்கிட்டு வர்றான். “பழைய விளக்கைக் குடுத்தாப் புது விளக்குத் தர்றேன்!” வீட்ல இருந்த அந்தப் பொண்ணு, புதுசு பளபளன்னு இருக்கேன்னு பழசைத் தூக்கிக் குடுத்துட்டா. அப்புறம் பூதம் யாரு சொன்ன பேச்சைக் கேட்டுச்சு? வீட்டுக்காரன் பேச்சையா? விளக்கு எவன் கையில இருக்கோ அவன் பேச்சை! (கைதட்டல்) நாம காசு குடுத்து வாங்கின பூதம் நம்ம வீட்லதான் நிக்குது. விளக்கு அவன் கையில இருக்கு.

அமெரிக்காவில ‘ரிவால்வ்’னு ஒரு சின்னப் பெட்டி வித்தாங்க. 299 டாலர். வேற வேற கம்பெனி விளக்கு, பூட்டு எல்லாத்தையும் அந்த ஒரு பெட்டியே கட்டி மேய்க்கும். வாழ்நாள் முழுக்கச் சந்தா இலவசம்னு சொல்லி வித்தாங்க. 2014 அக்டோபர்ல, கூகுளுக்குச் சொந்தமான ‘நெஸ்ட்’ நிறுவனம் அந்தக் கம்பெனியை வாங்குச்சு. 2016 மே 15-ஆம் தேதியோட சேவையை நிறுத்திட்டாங்க. பெட்டி உடையலை, கீழ விழலை. மே 14 வரைக்கும் வேலைக்காரன், 15-க்கு அப்புறம் செங்கல். கூச்சல் கிளம்பின பிறகுதான் இழப்பீடு பத்தி யோசிக்கிறோம்னாங்க. வாழ்நாள் முழுக்கன்னு சொன்னீங்களேன்னா, உங்க வாழ்நாள்னு நாங்க எப்போ சொன்னோம்? (சிரிப்பு) கல்யாணத்துல “நூறு வருஷம் வாழணும்”னு வாழ்த்துறவங்க யாருக்குன்னு தெளிவாச் சொல்லிடறது நல்லது.

அவங்களாவது தேதி சொன்னாங்க. ‘இன்ஸ்டியான்’னு இன்னொரு கம்பெனி. 2022 ஏப்ரல்ல ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாம கம்ப்யூட்டரை நிறுத்திட்டுப் போயிட்டாங்க. வாங்கினவங்க செல்போனை அமுக்கு அமுக்குன்னு அமுக்கறாங்க, பதில் இல்லை. கடைசியில ஜூன் மாசம், அந்தச் சாமானை வாங்கி மாட்டியிருந்தவங்கள்ல சில பேரே காசு போட்டு அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கி மறுபடி ஓட விட்டாங்க. ஐயா, பல்பு வாங்கினது போதாதுன்னு கம்பெனியையும் வாங்க வேண்டியதாப் போச்சு! நம்மளால ஆகுமா?

பூட்டுக் கதை ஒண்ணு. 2017 ஆகஸ்டு. ‘லாக்ஸ்டேட்’ங்கற அமெரிக்கக் கம்பெனி, தான் வித்த கதவுப் பூட்டுகளுக்கு இணையம் வழியா ஒரு புது மென்பொருள் அனுப்புச்சு. ஒரு மாடலுக்கு உள்ளதை இன்னொரு மாடலுக்கு மாத்தி அனுப்பிட்டாங்க. சுமார் 500 பூட்டு, எண்ணை அமுக்கினாத் திறக்க மாட்டேன்னுருச்சு. வீட்டை வாடகைக்கு விடுறவங்க நிறையப் பேர் அதை மாட்டியிருந்தாங்க. பெட்டி படுக்கையோட விருந்தாளி வாசல்ல நிக்கிறான். திரும்ப இணையம் வழியாவே சரி பண்ணவும் முடியலை. கழட்டி அனுப்பி வாங்கணும். அப்ப யாருக்குக் கதவு திறந்துச்சு தெரியுமா? அதே பூட்டுக்குன்னு ஒரு சாதாரண இரும்புச் சாவி குடுத்திருந்தாங்க, அதைத் தூக்கிப் போடாம வச்சிருந்தவனுக்கு! (கைதட்டல்)

இப்போ எதிரணித் தலைவர் கடைசியா ஒண்ணு கேட்டார். அரங்கமே கலங்கிப் போச்சு, நானும்தான். “அமெரிக்காவில இருக்கிற மகன், இங்கே தனியா இருக்கிற தாயை ராத்திரி கேமராவில பார்த்து, அம்மா தூங்கிட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு வேலைக்குப் போறானே, அந்த நிம்மதிக்கு விலை உண்டா?” என்றார். விலை கிடையாது. ஒத்துக்கறேன். பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பிட்டு இருக்கிற வீடுகள் நம்ம தெருவிலே எத்தனை! அந்தத் தாய்க்கு ஒரு கண் வேணும். நான் கேக்கறது, அந்தக் கண் மகனோட கண் மட்டும்தானா? 2023 மே மாசம், அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், அமேசானுக்குச் சொந்தமான ‘ரிங்’ கேமரா நிறுவனத்து மேல புகார் வச்சுது. வாடிக்கையாளர் வீட்டு அந்தரங்கமான அறைகள்ல பதிவானதை அங்கே வேலை பார்த்தவங்களே பார்த்திருக்காங்கன்னு. 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கிட்டு வழக்கை முடிச்சாங்க. 2024 பிப்ரவரியில ‘வைஸ்’ கேமரா. ஒரு தடங்கல் சரியாகித் திரும்பி வந்தப்போ படங்கள் இடம் மாறிப் போய், சுமார் 13,000 பேருக்கு அடுத்தவங்க வீட்டுப் படம் தெரிஞ்சுது. மகன் அம்மாவைப் பார்க்கலாம்னு செல்போனைத் திறந்தா யாரோ ஒருத்தரோட அம்மா தெரியறாங்க. அந்த நேரத்துல நம்ம அம்மா யார் செல்போன்ல தெரிஞ்சாங்க?

(மணி ஒலிக்கிறது.)

நடுவர்: ரெண்டு நிமிஷத்துல முடிங்க பேராசிரியரே.

முடிச்சுடறேன் ஐயா. இதுவரைக்கும் அமெரிக்காக் கதை. இது எங்க வீட்டுக் கதை. கம்பெனிப் பேர் சொல்ல மாட்டேன்.

என் பையன் பெங்களூர்ல வேலை பார்க்கிறான். ரெண்டு வருஷம் முன்னால பொங்கலுக்கு வந்தப்போ, அப்பத்தாவுக்குன்னு ஆசையா வாங்கிட்டு வந்தான். ஆறு பல்பு, ஒரு பேச்சுப்பெட்டி. எங்கம்மாவுக்கு எண்பத்திரண்டு வயசு, படிச்சது அஞ்சாம் வகுப்பு. ராத்திரி எழுந்து சுவிட்சைத் தேடக் கூடாதுன்னு, பேரனே பக்கத்துல உட்கார்ந்து “லைட் ஆன், லைட் ஆஃப்”னு சொல்லிக் குடுத்தான். அம்மா ஒரே நாள்ல கத்துக்கிட்டாங்க. கத்துக்கிட்டதோட நிக்கலை. சாயங்காலம் விளக்குப் போட்டதும் அந்தப் பெட்டியைப் பார்த்து, “நல்லா இரு ஆத்தா”ன்னு வாழ்த்துவாங்க. (சிரிப்பு)

இந்த மாதிரிப் பல்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. சுவர்ல இருக்கிற சுவிட்சு எப்பவும் போட்டபடியே இருக்கணும். யாராவது பழக்கதோஷத்துல அணைச்சுட்டா, பல்புக்குக் கரண்டு போகாது, செல்போனும் பேச்சும் எடுபடாது. அதனால பையன் எல்லாச் சுவிட்சு மேலயும் செலோ டேப் ஒட்டினான். “அப்பத்தா, இதை மட்டும் தொடவே கூடாது”ன்னு சொன்னான். பக்கத்துல நின்னு பெருமையா நான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

ஆறேழு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நாள் தெருவில குடிதண்ணிக் குழாய்க்குத் தோண்டினாங்க. கேபிள் அறுந்து போச்சு. காலையில வந்து பார்க்கிறோம்னுட்டுப் போயிட்டாங்க. செல்போன்ல இன்டர்நெட் இருந்ததால எங்களுக்கு அது ஒரு விஷயமாவே தோணலை. ராத்திரி மூணு மணிக்கு அம்மா எழுந்திருக்காங்க. “லைட் ஆன்”னு சொல்லியிருக்காங்க. அது இங்கிலீஷ்ல ஏதோ பதில் சொல்லியிருக்கு. இணைப்பு இல்லைன்னு சொல்லியிருக்கும். அம்மாவுக்கு எங்கே புரியும்? மறுநாள் என்கிட்டச் சொன்னாங்க, “போடறேன், கொஞ்சம் பொறுன்னு சொல்லுதுன்னு நெனச்சுக்கிட்டு நின்னேம்ப்பா.”

நின்னிருக்காங்க. விளக்கு வரலை. நாற்பது வருஷமா அந்த வீட்ல இருக்கிறவங்க, இருட்டுல கை தானாச் சுவிட்சுக்குப் போயிருக்கு. விரல்ல டேப் தட்டுப்பட்டிருக்கு. அதை ஒரு தடவை அணைச்சுப் போட்டிருந்தா அந்தப் பல்பு எரிஞ்சிருக்கும் ஐயா! ஆனா பேரன் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கான். கையை எடுத்துட்டாங்க. சுவரைத் தடவிக்கிட்டே போய், குளியலறை வாசப்படியில தடுக்கி விழுந்தாங்க. வலது மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு போச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு. எண்பத்திரண்டு வயசுல ஒரு வாய் சோறு தானா எடுத்துச் சாப்பிட முடியாம, “ஊட்டி விடச் சொல்லிக் கேக்க வெக்கமா இருக்குடா”ன்னாங்க என்கிட்ட.

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்கள் கேப்பாங்க, பேச்சுப்பெட்டியா தள்ளி விட்டுச்சுன்னு. இல்லை. பல்பு மேலயும் தப்பில்லை, தோண்டினவன் மேலயும் நான் கோபப்பட முடியாது. எங்கேயோ இருக்கிற ஒரு கட்டடத்தை நம்பி, கைக்கெட்டுற சுவிட்சுல டேப் ஒட்டினோமே, அதைச் சொல்றேன்.

சனிக்கிழமை பையன் ஓடி வந்தான். பேசவே இல்லை. ஒரு மாசத்துல ஏற்பாட்டையே மாத்திட்டான். இப்போ சுவிட்சுப் பலகைக்கு உள்ளே ஒரு சின்னச் சாமான் வச்சிருக்கான். சுவிட்சைத் தட்டினாலும் எரியும், செல்போன்ல அமுக்கினாலும் எரியும். வீட்டுக்குள்ளயே ஒரு பெட்டி, ஜிக்பீன்னு ஒரு முறை, அது வெளியே யாரையும் கேக்கறதில்லை. இந்த மாதிரி சாமானும் கடையில கிடைக்குது, நாமதான் கேட்டு வாங்கறதில்லை. இப்போ அவன் எதை வாங்கினாலும் கடைக்காரர்கிட்ட, “வைஃபை பெட்டியை அணைச்சுட்டு இதைப் போட்டுக் காட்டுங்க”ங்கறான். பாதிக் கடையில முறைக்கிறாங்களாம். (சிரிப்பு)

அன்னைக்கு வந்த உடனே அவன் செஞ்ச முதல் வேலை அந்த டேப்பைக் கிழிச்சதுதான். டேப் வந்துடுச்சு, பசை போகலை. அப்பத்தா மாவுக்கட்டுக் கையை மடியில வச்சுக்கிட்டு, இடது கையால அடுப்பங்கரையைக் காட்டி, “தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைடா ராசா, போயிரும்”னாங்க. துடைச்சான். முழுசாப் போகலை. இன்னைக்கும் அந்தச் சுவிட்சுல விரல் வச்சா லேசா ஒட்டும்.

நடுவர் மணியைத் திரும்பப் பார்க்கிறார்.

(பலத்த கைதட்டல்)